சுங்கம் வைத்த பிரபு: புடாபெஸ்டிலிருந்து ஒரு கல்லறை வரை

மே 14, 2025, புதன் – புடாபெஸ்ட்

மே மாதம் என்றால் வெயில் இதமாக இருக்கும், ஸ்வெட்டர்கூட வேண்டாம் என்று சொல்லித்தான் அக்கா மகன் வரவழைத்தான். இங்கே முதுகலை படிக்கிறான். வந்து இறங்கினால் 11 டிகிரி, சாரல், தன்யூப் நதி மேலிருந்து முகத்தில் அறைகிற காற்று. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் மாமா இருந்துச்சு" என்கிறான். எந்த ஊரிலும் நேற்று வரைக்கும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

குளிருக்குப் பெரிய சந்தைக் கட்டடத்தின் மாடியில் ஒதுங்கினோம். அங்கே லாங்கோஷ் என்று ஒன்று. மாவைத் தட்டி எண்ணெயில் போட்டால் நம்ம சோளாபூரி போல உப்புகிறது, ஆனால் அதோடு விடுவதில்லை. பூண்டு ஊறிய தண்ணீரை ஒரு சின்ன பிரஷ்ஷால் மேலே தடவி, புளித்த க்ரீமை அப்பி, அதன் மேல் துருவிய சீஸை மலை மாதிரி கொட்டுகிறார்கள். 2,600 ஃபோரிண்ட், நம்ம கணக்கில் 600 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. கடைக்காரம்மா சிரிக்கவே இல்லை, ஆனால் நான் முதல் துண்டைக் கடித்துவிட்டுத் தலையாட்டியதைப் பார்த்ததும் கேட்காமலே இன்னொரு கரண்டி க்ரீம் வைத்தார். இந்த ஊர் மரியாதை இப்படித்தான் என்று இரண்டாவது நாளிலேயே புரிந்துவிட்டது. சிரிப்பு கிடையாது, கரண்டி உண்டு.

அப்புறம் சங்கிலிப் பாலம். படத்தில் பார்த்ததுதான், இரண்டு கல் வளைவுகள், நான்கு சிங்கங்கள். 2023இல் பழுது பார்த்துத் திறந்ததிலிருந்து சொந்தக் கார்களை விடுவதில்லை, பஸ், டாக்ஸி, சைக்கிள் மட்டும், அதனால் நிம்மதியாக நடக்கலாம். பாலத்தின் பெயரிலேயே கட்டவைத்தவரின் பெயர் இருக்கிறது: சேச்சேனி. குடும்பப் பெயரை முன்னால் சொல்வது இவர்கள் வழக்கம், சேச்சேனி இஷ்ட்வான். 1791இல் வியன்னாவில் பிறந்த பிரபு, குதிரைப்படை அதிகாரி, ஊர்சுற்றி. 1820 டிசம்பரில் அப்பா வியன்னாவில் இறந்த செய்தி வருகிறது. இவர் ஆற்றின் கிழக்குப் பக்கம் மாட்டிக்கொண்டார். குளிர்காலம், மிதவைப் பாலத்தை எடுத்துவிட்டார்கள், ஆற்றில் பனிப்பாளங்கள் போகின்றன, படகும் இல்லை. கரையில் ஒரு வாரம் காத்திருந்தார். இங்கே ஒரு நிலையான பாலம் வந்தால் என் ஒரு வருட வருமானத்தைத் தருகிறேன் என்று அப்போதே எழுதிவைத்ததாகச் சொல்கிறார்கள்.

பாலம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. வரைந்தது வில்லியம் கிளார்க் என்ற ஆங்கிலேயர், நின்று கட்டியது ஆடம் கிளார்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இரண்டு பேருக்கும் உறவில்லை. எனக்குப் பெரிதாகப் பட்டது சுங்கம். அன்றைய ஹங்கேரியில் பிரபு குலத்தார் வரி கட்டுவதில்லை, சுங்கமும் கட்டுவதில்லை. சுமை தூக்கிக்கொண்டு போகிற குடியானவன் காசு கொடுப்பான், பட்டுச் சட்டை போட்டவர் சும்மா போவார். இந்தப் பாலத்துக்கு மட்டும் எல்லாரும் கொடுத்தாக வேண்டும் என்று 1836இல் சட்டமே கொண்டுவந்தார்கள். அதைக் கேட்டு ஒரு வயதான நீதிபதி கண்ணீர்விட்டார், அந்தப் பாலத்தில் காலே வைக்க மாட்டேன் என்றார் என்று ஒரு கதை இங்கே உண்டு. வேலை பார்த்த காலம் முழுக்கக் கூட்டுறவு வங்கியின் கடன் பிரிவில் உட்கார்ந்தவன் நான். பெரிய மனிதரிடம் போய் வட்டியைக் கட்டுங்கள் என்று சொல்வது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். அங்கேயே இந்த ஆளைப் பிடித்துப்போனது.

மே 15, வியாழன் – கல்லறைத் தோட்டம்

காலையில் ஹங்கேரிய அறிவியல் கழகத்தின் கட்டடம். அதன் பக்கவாட்டுச் சுவரில் ஒரு பெரிய வெண்கலப் புடைப்புச் சிற்பம், பளபளவென்று உடுத்திய பிரபுக்கள் சூழ நடுவில் சேச்சேனி. 1825 நவம்பரில் நாடாளுமன்றம் கூடியபோது, தாய்மொழியை வளர்க்க ஒரு கழகம் வேண்டும், ஆனால் பணம் யார் தருவது என்று பேச்சு நீண்டுகொண்டே போனதாம். 34 வயதுக்காரர் எழுந்து ஒரு வருட வருமானத்தைத் தருகிறேன் என்றார், 60,000 ஃபோரிண்ட். அதன் பிறகுதான் மற்றவர்கள் பையில் கைவிட்டார்கள். கதவு பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து வந்த பெரியவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் என் தோளைப் பிடித்து ஒரு எட்டு இடது பக்கம் நகர்த்திவிட்டுப் போனார். அங்கிருந்துதான் முழுச் சிற்பமும் ஒரே படத்தில் வருகிறது.

மதியம் கெரெபெஷி கல்லறைத் தோட்டம். கட்டணம் கிடையாது. 56 ஹெக்டேர், பெரிய பெரிய மரங்கள், மழை வேறு. நான் தேடிப்போன ஆள் இங்கே இல்லை என்று தெரியும், ஆனால் அவருடைய கூட்டாளிகள் எல்லாரும் இங்கேதான். அப்போது ஹங்கேரி வியன்னாவிலிருந்த பேரரசரின் கீழ். 1848 ஏப்ரலில் அதற்குக் கிடைத்த முதல் பொறுப்பாட்சி அமைச்சரவையை, அதாவது நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அமைச்சரவையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதமர் பத்யானி, நிதி கோஷுத், நீதி டெயாக், பொதுப்பணியும் போக்குவரத்தும் சேச்சேனி. வியன்னாவோடு போர் மூண்டு ஹங்கேரி தோற்றது, அடுத்த வருடமே பத்யானியை அக்டோபர் 6 அன்று சுட்டுக் கொன்றார்கள். உடலை ஒரு தேவாலயத்தில் ரகசியமாக மறைத்துவைத்து 1870இல்தான் வெளியே கொண்டுவந்து முறையாக அடக்கம் செய்தார்கள். கோஷுத் நாட்டைவிட்டு ஓடி, துரின் நகரத்தில் 91 வயது வரை வாழ்ந்து, 1894இல் பிணமாகத் திரும்பினார். டெயாக் மட்டும் பொறுமையாக இருந்து 1867இல் வியன்னாவோடு ஒப்பந்தம் போட்டார். மூன்று பேருக்கும் இங்கே மண்டபங்கள். கோஷுத்தின் மண்டபம் இருக்கிறதே, மேலே சிறகு விரித்த உருவம், கீழே சிறுத்தைகள், பார்த்தால் ராஜ்ஜியத்தை ஆண்டவர் மாதிரி. நான்காவது ஆள் எங்கே என்று கேட்டால், பத்து மணி நேரம் மழையில் நடந்து வந்த முகத்தோடு மாப்பிள்ளை சொல்கிறான்: "அவர் ஊர்ல இருக்கார் மாமா. நாளைக்கு ரயில்."

இத்தனைக்கும் 1840இல் சேச்சேனியை மிகப் பெரிய ஹங்கேரியர் என்று மேடையில் சொன்னவர் கோஷுத்தான். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஒருவர் அவசரக்காரர், ஒருவர் கணக்குப் பார்க்கிறவர். புகழ்ந்ததில் கொஞ்சம் அரசியலும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அந்தப் பட்டம் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது, இன்றைக்கும் பள்ளிப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ராத்திரி ஷூ உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்துக் காயவைத்துவிட்டுத் தூங்கினேன். காயவில்லை.

மே 16, வெள்ளி – ஷோப்ரோன்

ஷோப்ரோன் ஆஸ்திரிய எல்லையில் இருக்கிற பழைய ஊர், புடாபெஸ்டிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம் என்றார்கள். பாதி வழியில் இறங்கச் சொல்லிவிட்டார்கள். தண்டவாள வேலையாம், மாற்றுப் பேருந்தாம். அறிவிப்பு முழுக்க ஹங்கேரிய மொழியில், ஒலிபெருக்கியோ கரகரவென்று. கூட்டம் போன பக்கம் நாங்களும் பெட்டியை இழுத்துக்கொண்டு போனோம். பஸ்ஸில் பெட்டி வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம். பக்கத்தில் இருந்த அம்மா துணிப்பையைப் பிரித்து போகாச்சா என்கிற சின்ன உப்பு ரொட்டிகளை எடுத்தார், மேலே கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறியிருந்தது. எடு என்று சைகை. எடுத்தேன். இன்னொன்று எடு என்று சைகை. ஷோப்ரோன் வரைக்கும் அவர் பெயரை நானும் கேட்கவில்லை, என் பெயரை அவரும் கேட்கவில்லை.

அந்த பஸ்ஸில்தான் மாப்பிள்ளையிடம் கடன் கதையைச் சொன்னேன். 1828இல் சேச்சேனி வியன்னாவில் ஒரு வங்கியில் 10,000 ஃபோரிண்ட் கடன் கேட்டார். நாட்டின் பெரிய நிலக்காரக் குடும்பம், ஆயிரக்கணக்கான ஏக்கர். வங்கி முடியாது என்று சொல்லிவிட்டது. ஏன்? 1351இல் போட்ட ஒரு சட்டப்படி பிரபுக்களின் பரம்பரை நிலம் குலத்துக்குச் சொந்தம், விற்க முடியாது, கடனுக்கு எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஜப்தி செய்ய முடியாத சொத்தை எந்த மேலாளர் அடமானமாக ஏற்பார்? நானாக இருந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். வேறு பிரபுவாக இருந்தால் வங்கிக்காரனைத் திட்டிவிட்டு வட்டிக்கடைக்குப் போயிருப்பார். இவர் உட்கார்ந்து யோசித்து, தப்பு வங்கியிடம் இல்லை, நம் சலுகையிலேயே இருக்கிறது, நிலம் நிறைய, காசு இல்லை, குடியானவன் கூலியில்லாமல் உழுகிறான், அதனால் அரைகுறையாக உழுகிறான் என்று ஒரு புத்தகமே எழுதினார். 1830இல் வந்தது, தலைப்பே 'கடன்'. சொந்த வர்க்கத்தின் கணக்குப் புத்தகத்தைத் தெருவில் பிரித்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. சில பிரபுக்கள் புத்தகத்தைக் கொளுத்தினார்கள்.

ஷோப்ரோன் அழகான ஊர், தீக்கோபுரம், கல் பாவிய சந்துகள், ஆஸ்திரியாவிலிருந்து பல் கட்ட வருகிறவர்களுக்காகத் தெருவுக்குத் தெரு பல் மருத்துவமனை. ராத்திரி கீக்ஃப்ராங்கோஷ் என்கிற சிவப்பு ஒயின் ஒரு கிளாஸ். பரவாயில்லை.

மே 17, சனி – நாஜ்செங்க்

சேச்சேனியின் ஊர் ஷோப்ரோனிலிருந்து 13 கிலோமீட்டர்தான். ஊர் பஸ். என்னிடம் 20,000 நோட்டு ஒன்றும் 5,000 நோட்டு ஒன்றும். ஓட்டுநர் இரண்டையும் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார், சில்லறை இல்லை. எனக்குப் பின்னால் நின்ற தாத்தா, தொப்பி, கையில் கீரைக்கட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டார். உட்கார்ந்ததும் 5,000 நோட்டை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, முன்பக்கத்தில் இருந்த முகத்தைத் தட்டிக் காட்டினார், சேச்சேனி. திருப்பினார், பின்பக்கத்தில் ஒரு மாளிகை. ஜன்னல் வழியாக முன்னால் கையைக் காட்டினார், அங்கேதான் போகிறீர்கள் என்கிற மாதிரி. நோட்டை மடித்து என் சட்டைப் பையில் திரும்ப வைத்துவிட்டார். நாங்கள் இறங்கியபோது அவரும் இறங்கினார், ஒரு காபி வாங்கித் தரலாம் என்று பார்ப்பதற்குள் கீரைக்கட்டோடு வேறு சந்தில் திரும்பிவிட்டார்.

மாளிகை மஞ்சள் வெள்ளை நிறம், இரண்டாம் உலகப் போரில் பாழாகி, பின்னால் சீராக்கி 1973இலிருந்து அருங்காட்சியகமாக இருக்கிறது. கும்பல் இல்லை. நாட்டில் யாரும் பார்த்திராத காலத்தில் எரிவாயு விளக்கும், தண்ணீர் விட்டுக் கழுவுகிற கழிப்பறையும் வைத்த வீடு. இங்கிலாந்தில் பார்த்ததையெல்லாம் கொண்டுவந்திருக்கிறார், குதிரைப் பந்தயம் உட்பட. ஆங்கிலத்தில் சொன்ன விளக்கக் கருவியில் எனக்குப் பிடித்தது நீராவிக் கப்பல் பகுதி. தன்யூபின் கீழ்ப்பகுதியில் பாறைகளை வெடிவைத்து வழி செய்தது, டிசா நதியைக் கரைகட்டி அடக்கியது, பாலடான் ஏரியில் 1846இல் முதல் நீராவிக் கப்பல், எல்லாவற்றிலும் இந்த மனிதர். எல்லாம் தண்ணீர் சம்பந்தப்பட்டதே என்று மாப்பிள்ளை சொன்னான். அதுவும் சரிதான். 1848 ஜூலையில் பாலத்தின் கடைசிச் சங்கிலியைத் தூக்கும்போது அது அறுந்து மேடையோடு ஆட்கள் ஆற்றில் விழுந்தார்கள், விழுந்தவர்களில் அமைச்சர் சேச்சேனியும் ஒருவர். 56 வயதில் நீந்திக் கரையேறினார்.

மதிய சாப்பாடு ஒரு கூத்து. மாப்பிள்ளைக்குச் சனிக்கிழமை கவிச்சி ஆகாது, அக்காவுக்குச் செய்துகொடுத்த சத்தியம். பீன்ஸ் சூப் கேட்டான், இறைச்சி உண்டா என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினான். பரிமாறும் பெண் உறுதியாக இல்லை என்றார். வந்த கிண்ணத்தில் சிவப்பாக மிளகாய்த்தூள் எண்ணெய் மிதக்க, நடுவில் புகைபோட்ட பன்றிக்கால் ஒரு துண்டு. காட்டினால் அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை, அது ருசிக்காகப் போடுவது, இறைச்சி வேறு என்கிறார். அந்தக் கிண்ணமும் என் பக்கம் வந்தது. அடுத்து நூடுல்ஸும் பாலாடையும் கேட்டான், அதன் மேல் பொரித்த பன்றிக்கொழுப்பு தூவியிருந்தது. அதுவும் என் பக்கம். கடைசியில் பொரித்த சீஸும் சோறும் வந்தது, அந்தப் பெண்ணே சமையலறையிலிருந்து ஒரு தட்டு ஊறுகாய் வெள்ளரியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்து முதுகில் தட்டினார். மொத்தம் 11,400. இரண்டு பேர் சாப்பாட்டை ஒரே ஆள் சாப்பிட்டதற்கு அதிகமில்லை.

அப்புறம் கல்லறை. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், சாதாரண மனிதர்களின் பூச்செடி வைத்த கல்லறைகளுக்கு நடுவே, தூண்கள் வைத்த ஒரு சின்ன மண்டபம். முன்பகுதி பின்னால் சேர்த்தது, உள்ளே இருப்பது 1778இல் கட்டிய சிற்றாலயம். படியில் இறங்கினால் நிலவறை, சுவரில் வரிசையாகக் குடும்பத்தாரின் பெயர்கள். நாங்களும் உங்களைப் போல் இருந்தோம், நீங்களும் எங்களைப் போல் ஆவீர்கள், தூசும் சாம்பலும் என்று எழுதியிருக்கிறார்கள், அதை மாப்பிள்ளை படித்துச் சொன்னான். கெரெபெஷியில் சிறுத்தை காவல் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இது நம்ம ஊர்ப் பண்ணையார் வீட்டு நெல் அறை அளவுதான். சிவப்பு வெள்ளை பச்சை நாடா கட்டிய மாலைகள் சாத்தியிருந்தன. நாடாக்களின் ஓரம் ஈரத்தில் சாயம் இறங்கி வெள்ளைப் பட்டை இளஞ்சிவப்பாகிவிட்டிருந்தது.

பக்கத்தில் மனைவி கிரெசென்ஸ். அவர் முதலில் இன்னொரு பிரபுவின் மனைவி. 1824இல் பார்த்த நாளிலிருந்து சேச்சேனிக்கு அவர் மேல் ஆசை. கணவர் 1834இல் இறந்து, 1836 பிப்ரவரியில்தான் திருமணம். 12 வருடம்! பாலத்துக்கும் காத்திருந்தார், அந்தப் பெண்ணுக்கும் காத்திருந்தார். நாட்குறிப்பு முழுக்க ஏக்கமும் குற்றவுணர்வும்தான் என்கிறார்கள், அதையும் பெரும்பாலும் ஜெர்மனில்தான் எழுதினார். மேலவையில் முதன்முதலில் ஹங்கேரிய மொழியில் பேசியவர், தனிமையில் ஜெர்மனில் புலம்பியிருக்கிறார்.

மாளிகையின் எதிரே லிண்டன் மரச் சாலை, 1754இல் தாத்தா காலத்தில் நட்டது, இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் நேராகப் போகிறது. மழையில் சேறு. "இதுக்குக் கடைசியில என்ன மாமா இருக்கு" என்று நொந்துகொண்டே வந்தான். கடைசியில் இருப்பது மூத்த மகன் பேலாவின் கல்லறை, இளம்வயதில் இறந்த மனைவியோடு. நான் அங்கே போனதற்குக் காரணம் உண்டு. பேலா 1877இல் ஆசியப் பயணம் கிளம்பியபோது பாலிண்ட் காபோர் என்ற மொழியறிஞரைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் பாதியில் உடம்பு சரியில்லாமல் திரும்பினார், திரும்பும் வழியில் இந்தியாவில் தங்கித் தமிழ் படித்தார். தமிழும் ஹங்கேரிய மொழியும் உறவு என்று நம்பினார், பேலாவின் பயண ஆய்வுத் தொகுதியில் தமிழைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். இன்றைய மொழியியல் அதை ஏற்பதில்லை. ஹங்கேரியம் ஃபின்னிய மொழிகளின் வகையறா. ஆனாலும் இந்தச் சேற்றுப் பாதைக்கு இரண்டு தமிழர்கள் வந்தது முற்றிலும் சம்பந்தமில்லாத காரியம் இல்லை என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவன் ஷூவைப் புல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

சனி ஞாயிறுகளில் பள்ளிப் பிள்ளைகள் சீருடை போட்டு நடத்துகிற சின்ன ரயில் இங்கிருந்து ஃபெர்டேபோஸ் வரை ஓடுகிறது. டிக்கெட் கிழித்த பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். எங்கள் சேற்று ஷூவைப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று சல்யூட் அடித்துவிட்டு, பெஞ்சில் கால் வைக்கக்கூடாது என்று சைகை செய்தாள். வைக்கிற எண்ணமே இல்லை.

மே 18, ஞாயிறு – வியன்னா

விமானம் இங்கிருந்து என்பதால் பகல் முழுக்க மிச்சம். டிராம் பிடித்து டோப்ளிங் போனோம். இப்போது அது பணக்காரக் குடியிருப்பு, ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி. 1848 செப்டம்பரில் வியன்னாவோடு போர் வரப்போகிறது, எல்லாம் தன் தப்பு என்று மனம் உடைந்துபோன சேச்சேனியை இங்கிருந்த தனியார் மனநல விடுதிக்குக் கொண்டுவந்தார்கள். திரும்பிப் போகவே இல்லை. அடுத்த வருடம் நவம்பரில் பாலத்தைத் திறந்தார்கள், அதுவும் ஹங்கேரியை அடக்கிய ராணுவத்தின் காலத்தில். கட்டவைத்தவர் திறந்த பிறகு அதில் ஒரு தடவைகூட நடக்கவில்லை.

சில வருடத்தில் தெளிந்துவிட்டார். 1859இல் வியன்னா அரசாங்கத்தைக் கிழித்துத் தோரணம் கட்டி ஒரு புத்தகம், பெயர் போடாமல், லண்டனில் அச்சாகி வந்தது. எழுதியது யார் என்று போலீஸுக்குத் தெரியாமல் இருக்குமா? 1860 மார்ச்சில் விடுதி அறையைச் சோதனை போட்டார்கள். ஏப்ரல் 8, ஈஸ்டர் ஞாயிறு விடிவதற்குள் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார்.

அதிகாரிகளுக்குப் பயம் பிணத்தின் மேல். அடக்கத்துக்குக் குறித்த தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே நாஜ்செங்கில் அடக்கம் செய்யவைத்துவிட்டார்கள், கூட்டம் சேரக்கூடாது என்று. அப்படியும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள், சொன்ன தேதியை நம்பி மறுநாள் வந்தவர்கள் அதைவிட அதிகம். வட்டி கட்டு, சுங்கம் கட்டு என்று மற்ற பிரபுக்களை நச்சரித்த ஒரு கணக்குப் பிள்ளைக்கு ஊர் திரண்டு வருமென்று அந்தப் போலீஸ்காரர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஞாயிறு என்பதால் டோப்ளிங்கில் கடை எதுவும் திறக்கவில்லை. கடைசியில் டிராம் நிறுத்தத்தில் ஒரு துருக்கியக் கடை, ஃபலாஃபெல் ரோல் 6 யூரோ, ஹங்கேரியப் பணம் செல்லாது. மாப்பிள்ளைக்கு இன்றைக்கு எல்லாம் ஆகும், கோழி போட்டு இரண்டாக வாங்கிக்கொண்டான்.